ஒரு படிக்கட்டு போதாதா?

கட்டடத்துக்குப் படம் வரைய உருப்படியான மென்பொருள் இரண்டே இரண்டுதான் இருந்தன. ஒன்று பெரியது. திறப்பதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். அதனால் அதை யானை என்று கூப்பிட்டார்கள். இன்னொன்று சின்னது, சட்டென்று திறக்கும், சொன்ன பேச்சைக் கேட்கும். அது குருவி. கம்பெனிக்காரர்கள் வைத்த பெயர்கள் வேறு ஏதோ இருந்தன. அவற்றை வாயில் நுழைத்துச் சொல்ல யாருக்கும் பொறுமை இல்லை. ஒரு திங்கட்கிழமை காலையில் யானை, குருவியை வாங்கிவிட்டது.

இதில் தப்பு ஒன்றும் இல்லை என்று போட்டிக் காப்பு ஆணையமே சொல்லிவிட்டது. சும்மா சொல்லவில்லை, விசாரித்துவிட்டுத்தான் சொன்னது. விசாரணை பதினோரு நிமிஷம் நடந்தது. "நீங்கள் வாங்கிவிட்டால் போட்டியே இருக்காதே?" என்று ஆணையத் தலைவர் கேட்டார். யானைக் கம்பெனியின் தலைவர் எழுந்து, நெஞ்சில் கைவைத்து, "ஐயா, போட்டியின் மேல் எங்களுக்கு உயிர். வெளியே தனியாக விட்டால் அதற்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயத்தில்தான் எங்கள் வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்து வைத்துக்கொள்கிறோம்" என்றார். ஆணையத் தலைவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். ஆனாலும் கடமை தவறாதவர், இரண்டு நிபந்தனைகள் போட்டார். இரண்டையும் ஒன்றாக்கித் தந்தால் ஞாபகம் வைத்துக்கொள்ள வசதியாக இருக்கும் என்று கம்பெனி கேட்டுக்கொண்டது. ஆக்கித் தந்தார். "கம்பெனி நல்லபடியாக நடந்துகொள்ள வேண்டும்." அதைப் பரிசீலிப்பதாகக் கம்பெனி வாக்குக் கொடுத்தது.

நம் வரைபடக்காரருக்கு இதெல்லாம் காதில் விழவே இல்லை. பூட்டுக் கடைக்கு மேலே இரண்டு அறை கொண்ட ஓர் அலுவலகத்தில், ஓர் இன்ஜினியரின் கீழே, எதிர் மேஜையில் இன்னொரு வரைபடக்காரரோடு, இருபத்திரண்டு வருஷமாகக் குனிந்த தலை நிமிராமல் வரைகிறவர். குருவியில்தான் வரைவார். அப்போது அவர் கையில் இருந்தது ஆஸ்பத்திரியின் புதுக் கட்டடம். கீழ்த்தளத்துக்கு மேல் நாலு மாடி. நாலாவது மாடியில் எலும்பு முறிவு வார்டு. பழைய கட்டடத்தில் அந்த வார்டில் பன்னிரண்டு வருஷமாக வேலை பார்க்கிற நர்ஸ் வேறு யாரும் இல்லை, அவர் மனைவிதான்.

"என்னங்க, காலு கட்டிப் படுத்திருக்கிறவங்களைக் கொண்டுபோய் நாலாவது மாடியில வைக்கிறாங்களே, இவங்களுக்கெல்லாம் மண்டையில என்ன இருக்கு?" என்று அந்த அம்மா முதல் நாளே கேட்டாள். "லிஃப்ட் நின்னா நான் தூக்கிட்டா வருவேன்?"

"ரெண்டு படி வரையறேன், போதுமா? மேற்கால ஒண்ணு, கிழக்கால ஒண்ணு. கட்டிலோட இறங்கற அகலத்துக்கு."

"அகலமா வரைங்க. உங்க கஞ்சத்தனத்தைப் படியில காட்டாதீங்க" என்றாள் அவள். அவர் நிஜமாகவே அகலமாக வரைந்தார்.

எப்படி வரைந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் வினையே அங்கேதான் ஆரம்பம். ஒரே அளவில் இரண்டு படிக்கட்டு என்றால் உலகத்தில் எந்த வரைபடக்காரரும் இரண்டு தடவை வரைய மாட்டார். மேற்கே ஒன்றை உயிரைக் கொடுத்து வரைவார், அதைக் காப்பி எடுத்துக் கிழக்கே ஒட்டிவிடுவார். சோம்பேறித்தனம் என்று சொன்னால் சண்டைக்கு வருவார்கள். தொழில் சுத்தம் என்பார்கள். குருவியில் இன்னும் ஒரு சௌகரியம் உண்டு. ஒன்றில் ஒரு படியைத் திருத்தினால் காப்பியிலும் அதுவே திருந்திக்கொள்ளும். இரண்டும் ஒன்றையொன்று ஞாபகம் வைத்திருக்கும்.

வாங்கி முடித்த ஆறாவது வாரம், குருவியைத் திறந்தால் யானை திறந்தது. பழைய படங்களையெல்லாம் தானே இழுத்து எடுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரிப் படம் வந்தபோது கூடவே ஒரு செய்தியும் வந்தது: "உங்கள் படத்தில் ஒரே மாதிரி இரண்டு இருந்தன. உங்கள் வசதிக்காக ஒன்றை நீக்கிவிட்டோம். ஒன்று போதும்!" கீழே ஒரே ஒரு பொத்தான். அதில் "நன்றி" என்று போட்டிருந்தது. வேறு பொத்தான் கிடையாது. அதை அழுத்தாமல் படத்தைப் பார்க்கவும் முடியாது. அழுத்தினார்.

கிழக்குப் படிக்கட்டு இல்லை. அது இருந்த இடத்தை மூடி, கட்டடத்தைப் பத்தடி உள்ளே தள்ளி, நேராக ஒரு சுவர் எழுப்பியிருந்தது. படிக்கட்டுக்குப் போகிற கதவு மட்டும் மாடிக்கு மாடி அப்படியே இருந்தது. மேற்குக் கதவு இடப்பக்கம் திறக்கும், கிழக்குக் கதவு வலப்பக்கம் திறக்கும். ஆகையால் அவை ஒரே மாதிரி இல்லை என்று விட்டுவைத்திருந்தது. கதவுக்கு மேலே "அவசர வழி" என்ற பலகையும் பத்திரமாக இருந்தது. கதவைத் திறந்தால் சுவர்.

"அடப்பாவிகளா!" என்று அவர் வாய்விட்டே கத்திவிட்டார். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் சத்தம் போட்டு அந்த அலுவலகம் கேட்டதில்லை, பூட்டுக் கடைக்காரர் மேலே எட்டிப் பார்த்தார்.

சரி, காப்பி எடுக்காமல் கையாலேயே இரண்டாவதை வரைந்தால் போச்சு என்று உட்கார்ந்தார். வேண்டுமென்றே ஒரு படியை அரை அங்குலம் கோணலாக வைத்தார். மறுநாள் காலையில் யானை கோணலைத் திருத்தியது, திருத்தியதும் இரண்டும் ஒரே மாதிரி ஆகிவிட்டன, ஒன்றை எடுத்துவிட்டது. நன்றி சொல்லச் சொன்னது. சொன்னார். படிக்கட்டுக்குப் பெயரை மாற்றி "துணி அலமாரி" என்று எழுதிப் பார்த்தார். துணி அலமாரிக்குப் படி தேவையில்லை என்று படிகளை மட்டும் எடுத்துவிட்டு அலமாரியை வைத்துக்கொண்டது. ஒன்பது நாள் இப்படியே போனது. ஒன்பது நாளும் நன்றி சொன்னார்.

புகார் சொல்லலாம் என்றால், முன்பு யானைக்கு ஒரு தொலைபேசி எண், குருவிக்கு ஒரு எண். இரண்டு எதற்கு என்று அவற்றையும் ஒன்றாக்கியிருந்தார்கள். அந்த ஒன்றும் எப்போதும் பேச்சில் இருந்தது. யார் யாரோடு பேசிக்கொண்டிருந்தார்களோ, கடவுளுக்கே வெளிச்சம். கடைசியில் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு, பஸ் ஏறி, கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்கே போய்விட்டார்.

கண்ணாடி வாசல் இரண்டு இருந்தன. ஒன்றை மூடிப் பூந்தொட்டி வைத்திருந்தார்கள். உள்ளே டோக்கன் கொடுக்கிற பெண் அவருடைய புகாரைக் கேட்டுவிட்டு, பக்கத்தில் நின்ற இன்னொருவரின் புகாரையும் கேட்டாள். "ரெண்டு பேருக்கும் ஒரே பிரச்சினைதான் சார். சேர்ந்து ஒரே ஆளா உள்ள போயிடுங்க" என்று ஒரு டோக்கன் கொடுத்தாள். அந்த இன்னொருவர் ரயில் பாதைக்குப் படம் வரைகிறவர். மூன்று நாளாகச் சவரம் செய்யாத முகம்.

"உங்களுக்கு என்ன காணோம்?" என்று நம்மவர் கேட்டார்.

"தண்டவாளம்" என்றார் அவர். "ஒண்ணுதான் இருக்கு."

நல்லிணக்க அதிகாரி என்று பெயர்ப்பலகை வைத்திருந்த அறையில், நல்ல சட்டை போட்ட ஒருவர் இருவரையும் பார்த்து, "வாங்க சார், உட்காருங்க" என்று ஒரு நாற்காலியைக் காட்டினார். ஒரு நாற்காலிதான் இருந்தது. இருவரும் பாதிப் பாதி உட்கார்ந்தார்கள்.

"படிக்கட்டு எதுக்கு சார்?" என்று அதிகாரி அன்பாக ஆரம்பித்தார்.

"ஏறத்தான்."

"இறங்க?"

"அதே படிதான்... ஆனா, தீப்பிடிச்சா?"

"தீப்பிடிச்சா நீங்க ஒரே நேரத்துல ரெண்டு படியில இறங்குவீங்களா?" என்று சிரித்தார் அதிகாரி. "ஒருத்தர் ஒரு படியிலதான் சார் இறங்க முடியும். இத்தனை காலம் ரெண்டாவது படி சும்மாத்தானே கெடந்திருக்கு? இதை யாராவது யோசிச்சாங்களா? நாங்க யோசிச்சோம். மனுஷனுக்கு ரெண்டு வழி இருந்தா என்ன ஆகும்? இதுல போகலாமா, அதுல போகலாமான்னு நின்னு குழம்புவான். குழப்பம்தான் சார் ஆபத்து. தீ இல்ல."

"ரயில்..." என்று இழுத்தார் இன்னொருவர்.

"ஒரு தண்டவாளத்துல ரயில் ஓடாதுன்னு சொல்றீங்க. ஓட்டிப் பார்த்தீங்களா?"

"இல்ல."

"பார்க்காமலே சொன்னா எப்படி? எங்களையும் இப்படித்தான் சொன்னாங்க. எதிரே ஒரு கம்பெனி இல்லேன்னா நீங்க கெட்டுப்போவீங்கன்னு. கெட்டாப் போயிட்டோம்? முன்னெல்லாம் மாசம் நாலாயிரம் பேர் எங்களை விட்டுட்டுக் குருவிக்குப் போவாங்க. இப்போ ஒருத்தர்கூடப் போறதில்ல. எவ்வளவு திருப்தியா இருக்காங்கன்னு இதுலேர்ந்தே தெரியலையா?" அதிகாரி இதை முழு மனசோடு சொன்னார். பொய் சொல்கிறவராக இருந்திருந்தால் கூடப் பயமில்லை. மனுஷன் நம்பிச் சொன்னார்.

வெளியே வரும்போது நடைவழியின் கடைசியில் ஒரு கதவில் "மதிப்புறு போட்டியாளர்" என்று எழுதியிருந்தது. உள்ளே உட்கார்ந்திருந்தவரை நம்மவருக்கு உடனே அடையாளம் தெரிந்தது. குருவியை உண்டாக்கினவர். அந்தக் காலத்தில் போன் போட்டால் அவரே எடுத்து, "சொல்லுங்கண்ணே, எங்க மாட்டிக்கிச்சு?" என்று கேட்பார். இப்போது கோட்டு போட்டிருந்தார். மேஜையில் ஒரு தாள்கூட இல்லை.

"இங்க என்ன வேலை பார்க்கறீங்க?"

"செவ்வாய்க்கிழமை பத்துலேர்ந்து பதினொண்ணு வரைக்கும் போட்டி போடணும்" என்றார் அவர், கதவைப் பார்த்துக்கொண்டே. "போன வாரம் கொஞ்சம் வேகமா போட்டுட்டேன்னு கடிதம் வந்திருக்கு." அப்புறம் குரலைத் தாழ்த்தினார். "படிக்கட்டைக் காப்பி எடுத்து ஒட்டினீங்களா?"

"எல்லாரும் அப்படித்தானே பண்ணுவோம்."

"ஒண்ணைத் திருத்தினா மத்ததும் திருந்தணும்னு, ரெண்டுக்கும் நடுவுல ஒரு முடிச்சுப் போட்டு வச்சேன் நான். நல்லதுக்குத்தான் போட்டேன், அண்ணே. அந்த முடிச்சைப் பிடிச்சுத்தான் இப்போ தேடித் தேடி எடுக்கறாங்க. ஒரு தடவை படம் மாட்டிக்கிச்சுன்னா, யானைக்குள்ள புதுசா வரைஞ்சாலும் விடாது. காகிதத்துல வரைஞ்சு நேரா கட்டட அனுமதி அலுவலகத்துல குடுங்க. வேற வழி எனக்குத் தெரியல." அவர் கண் கலங்கியிருந்தது. மணி பதினொன்று அடித்ததும் ஒரு காவலாளி வந்து விளக்கை அணைத்தார்.

காகிதத்தில் வரைந்தார். இரண்டு இரவு, மூன்று பகல். வரைந்து கட்டட அனுமதி அலுவலகத்துக்குக் கொண்டுபோனார். அங்கே இருந்த குமாஸ்தா தங்கமான மனுஷர், எழுந்து நின்று வாங்கிக்கொண்டார். "என்ன அழகா இருக்கு சார் கைவேலை!" என்று பாராட்டினார். பாராட்டிவிட்டு அதைப் படம் பிடிக்கிற இயந்திரத்துக்குள் விட்டார். இயந்திரம் யானையுடையது. அந்தப் பக்கம் வெளியே வந்த படத்தில் ஒரு படிக்கட்டுதான் இருந்தது.

"சார், சட்டப்படி ரெண்டு படி கட்டாயம் இல்லையா?" என்று வரைபடக்காரர் கிட்டத்தட்ட அழுதார்.

"கட்டாயம்தான் சார். படிவத்துல ரெண்டு வரி இருந்தது. முதல் அவசர வழி உண்டா, ரெண்டாவது அவசர வழி உண்டான்னு. ரெண்டு வரியும் பார்க்க ஒரே மாதிரி இருந்ததா..." குமாஸ்தா படிவத்தைத் திருப்பிக் காட்டினார். ஒரு வரிதான் இருந்தது. "உண்டுன்னு போட்டுக் கையெழுத்துப் போடுங்க. பொய் இல்லையே. உண்டுதானே?"

கையெழுத்துப் போட மாட்டேன் என்று படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு திரும்பிவிட்டார். அதற்குள் ஆஸ்பத்திரி இடத்தில், யானை கொடுத்த படத்தை வைத்தே கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. கொத்தனார் ஒருநாள் அலுவலகத்துக்கே வந்து, "சார், கிழக்கால கதவு வைக்கச் சொல்லிப் போட்டிருக்கு, கதவுக்குப் பின்னாடி சுவர் வைக்கச் சொல்லிப் போட்டிருக்கு. எதை வைக்க?" என்று தலையைச் சொறிந்தார். "படத்துல இருக்கறதை வை" என்றார் இன்ஜினியர். "ரெண்டும் இருக்கு சார்." "அப்போ ரெண்டையும் வை. வச்சுட்டுப் பூட்டிடு."

கட்டடம் முடிகிற சமயத்தில் ஒருநாள் காலையில் இன்ஜினியர் நம்மவரைக் கூப்பிட்டார். கெட்டவர் இல்லை, இருபத்திரண்டு வருஷமாகச் சாப்பாட்டு டப்பாவைப் பங்கு போட்டுக்கொள்கிறவர்.

"யோவ், நீ சொல்றது எனக்குப் புரியாம இல்ல. ஆனா கட்டடம் எழும்பி நின்னாச்சு. இடிக்கவா முடியும்? நீ கையெழுத்துப் போடலைன்னா எதிர் மேஜைக்காரன் போடுவான். ஒரே அலுவலகத்துல ரெண்டு வரைபடக்காரர் எதுக்குன்னு வேற யானையிலேர்ந்து எனக்கு ஒரு கடிதம் வந்திருக்கு. இதுவரைக்கும் நான் பதில் போடல." அவர் பேனாவை நீட்டினார்.

எதிர் மேஜைக்காரர் குனிந்த தலை நிமிரவில்லை. வரைபடக்காரர் "உண்டு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அன்று சாயங்காலம் வீட்டில் மனைவி காய் நறுக்கிக்கொண்டே, "அடுத்த வாரம் எங்களை அங்க மாத்தறாங்களாம். என்னங்க, ரெண்டு படியும் வந்துடுச்சுல்ல?" என்று கேட்டாள். சாதாரணமாகத்தான் கேட்டாள். அவர் மட்டும் "இல்லை" என்று சொல்லியிருந்தால், அந்த அம்மா மறுநாளே ஆஸ்பத்திரித் தலைவரின் சட்டையைப் பிடித்திருப்பாள். அது அவருக்கும் தெரியும். ஆனால் அதைச் சொன்னால் காலையில் போட்ட கையெழுத்தையும் சொல்ல வேண்டும்.

"வந்துடுச்சு" என்றார். "கிழக்குக் கதவு பூட்டியிருக்கும். அவசரத்துக்கு மட்டும்தான் திறப்பாங்க."

"உங்க வாயால கேட்டாத்தான் எனக்கு நிம்மதி" என்றாள்.

திறப்பு விழாவுக்கு யானைக் கம்பெனித் தலைவரே வந்தார். "இந்தக் கட்டடத்தைப் பாருங்கள். பத்தடி குறைவு. அந்தப் பத்தடியை நாங்கள் தேசத்துக்குத் திருப்பித் தந்திருக்கிறோம். எங்கே எது இரண்டாக இருக்கிறதோ, அங்கே எங்கள் கண் இருக்கும்" என்று பேசினார். எல்லோரும் கைதட்டினார்கள். மேடையில் இருந்தவர்கள் கொஞ்சம் சீக்கிரமே தட்டினார்கள்.

வரைபடக்காரர் ஒவ்வொரு நாளும், நாளைக்குச் சொல்லிவிடலாம், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்றே இருந்தார். ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தபோது வாயைத் திறந்தும் விட்டார். "அந்தக் கிழக்குக் கதவுச் சாவியைக் கேட்டேங்க" என்று அவளே முந்திக்கொண்டாள். "ரெண்டு சாவி இருந்ததாம், இப்போ ஒண்ணுதானாம், அதுவும் கீழ அலுவலகத்துலயாம். போங்கடான்னு சொல்லிட்டு வார்டுல ஒரு சுத்தியல் வாங்கி வச்சுட்டேன். பூட்டை உடைக்க எவ்வளவு நேரம் ஆகப்போகுது?" அவர் வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டார். எழுந்து கை கழுவியபோது, நாளைக்குக் காலையில் கட்டாயம் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு பண்ணினார்.

மறுநாள் காலை பதினொன்றரை மணிக்கு அலுவலகத்தில் அவருடைய போன் அடித்தது.

"சார், தீயணைப்புலேர்ந்து பேசறேன். புது ஆஸ்பத்திரிக் கட்டடம் வரைஞ்சது நீங்கதானே? படத்து மூலையில உங்க நம்பர் இருக்கு. ரெண்டாவது மாடியில தீ. மேற்குப் படி முழுக்கப் புகை, எங்க ஆளுங்க மேல போக முடியல. படத்துல கிழக்கால 'அவசர வழி'ன்னு கதவு போட்டிருக்கு, அந்தக் கிழக்குப் படிக்குக் கீழ வாசல் எங்க இருக்கு?"

இத்தனை மாசத்தில் அந்தப் படிக்கட்டைப் பற்றி ஓர் அதிகாரி தானாக வந்து கேட்டது அதுதான் முதல் தடவை. அவர் போனை இன்னொரு காதுக்கு மாற்றினார்.

"சார்? கேக்குதா? நாலாவது மாடியில ஒரு நர்ஸம்மா எங்களோட இன்னொரு லைன்ல இருக்காங்க. இருபத்தாறு பேரையும் கட்டிலோட கிழக்குக் கதவுகிட்ட தள்ளிக் கொண்டுவந்துட்டாங்க. முன்பக்க ஜன்னலுக்கு வாங்கம்மா, ஏணி போடறோம்னு சொன்னா கேக்க மாட்டேங்கறாங்க. இங்க படி இருக்கு, வரைஞ்சவரே என் வீட்டுக்காரர்தான், அவர் வாயால சொன்னார்னு பிடிவாதமா நிக்கறாங்க. பூட்டை உடைச்சுக்கிட்டிருக்காங்க. நடைவழியில புகை ஏறுது சார். வாசல் எங்கன்னு சட்டுனு சொல்லுங்க!"

"படி இல்ல" என்றார் அவர்.

"என்னது?"

"படி இல்லைய்யா! நான் பொய் சொன்னேன்! அங்க சுவர்தான் இருக்கு! அவகிட்ட சொல்லுங்க, நான் பொய் சொன்னேன்னு சொல்லுங்க, ஜன்னலுக்குப் போகச் சொல்லுங்க, இப்பவே போகச் சொல்லுங்க!" நாற்காலி பின்னால் விழுந்தது. எதிர் மேஜைக்காரர் எழுந்து நின்றார்.

மறுமுனையில் அந்த மனுஷர் யாரிடமோ கத்தினார். பதில் ஏதோ வந்தது. பிறகு திரும்பிப் போனுக்கு வந்தார்.

"கதவு திறந்துடுச்சாம் சார்" என்றார்.